3,000 ரூபாயில் கொல்லையைத் தோட்டமாக்கிய கதை, செய்முறையோடு

எங்கள் வீட்டுக் கொல்லை 20 அடிக்கு 15 அடி. கட்டட வேலையில் மிஞ்சிய ஜல்லி, உடைந்த செங்கல், ஒரு துவைக்கிற கல், இரண்டு கொடிக்கயிறு. அதில் இருந்தது அவ்வளவுதான். முதல் தடவை ஆசைப்பட்டு புல்தரைப் பாய் வாங்கி விரித்தேன். சித்திரை வெயிலில் புல் கருகியது, அதோடு ஒட்டிவந்த கோரை மட்டும் தங்கிவிட்டது. அடுத்த முறை 3,000 ரூபாயைத் தாண்டுவதில்லை என்று இறங்கினேன்.

முதலில் ஒரு வாரம் சும்மா பாருங்கள். காலை, உச்சி, மாலை என்று மூன்று வேளையும் வெயில் எங்கே விழுகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். காய்கறிக்கு ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்வதால் தெற்குச் சுவரின் நிழல் நீளும். அதையும் கணக்கில் வையுங்கள். அப்புறம் ஓரடி ஆழக் குழி தோண்டி ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு மணி நேரம் கழித்தும் தேங்கி நின்றால் தரையிலேயே நடக் கூடாது, மேட்டுப்பாத்திதான்.

அடுத்தது சுத்தம். செங்கல்லைத் தூக்கிப் போடாதீர்கள், பாத்திக்கு வரப்பு கட்ட அதுதான். கோரையை மண்வெட்டியால் கொத்தினால் கிழங்கு உடைந்து ஒன்று பத்தாகும். மழை பெய்த மறுநாள், மண் இளகியிருக்கும்போது கடப்பாரையால் நெம்பிக் கிழங்கோடு எடுங்கள். இரண்டு மாதமாவது விடாமல் எடுக்க வேண்டும். இதற்குக் குறுக்குவழி எனக்குத் தெரிந்து இல்லை.

துவைக்கிற தண்ணீருக்கு வழி. கல்லிலிருந்து ஒரு சிறு வாய்க்கால் வெட்டி, அதில் மிச்ச ஜல்லியைக் கொட்டுங்கள். அது முடியும் இடத்தில் ஒரு வாழை, சுற்றிலும் கல்வாழை. இரண்டும் தண்ணீரைக் குடித்துத் தீர்த்துவிடும். கன்றுக்குக் காசு எதற்கு? அக்கம்பக்கத்தில் கேட்டால் பக்கக்கன்று தருவார்கள். சோப்புத் தண்ணீரைக் கீரைப்பாத்திக்கு மட்டும் விடாதீர்கள்.

பாத்தி. காசு போக வேண்டிய இடம் இதுதான். தொட்டியிலும் பொம்மையிலும் போடுகிற காசை மண்ணில் போடுங்கள். அகலம் 3 அடி போதும். இரண்டு பக்கமிருந்தும் கை எட்டும், பாத்திக்குள் காலை வைத்து மண்ணை இறுக்க வேண்டியிருக்காது. நடைபாதை ஒன்றரை அடி. செங்கல்லை நெட்டுக்குத்தாகப் பாதி புதைத்து வரப்பு கட்டி, இரண்டு பங்கு செம்மண்ணுக்கு ஒரு பங்கு மட்கிய தொழு உரம் கலந்து நிரப்புங்கள். பச்சைச் சாணியைப் போட்டால் சூட்டில் வேர் வெந்துவிடும், வண்டுப்புழுவும் வரும். மேலே சருகு மூடாக்கு. தெருவில் கூட்டிக் குவித்து எரிக்கிற சருகை நான் சாக்கில் வாரிக்கொண்டு வந்தேன். முதல் வாரம் ஒரு மாதிரியாகப் பார்த்தவர்கள் இப்போது எனக்காக எடுத்துவைக்கிறார்கள்.

விதைப்பு. சிறுகீரையில் தொடங்குங்கள், 25 நாளில் பறித்துவிடலாம். மூடாக்கை ஒதுக்கிவிட்டு விதையுங்கள். விதை பொடியானது, மணலோடு கலந்து தூவினால்தான் சீராக விழும். எறும்பு விதையை இழுத்துப்போகும் என்பதால் பாத்தி ஓரத்தில் கொஞ்சம் நொய் தூவுங்கள், அதைத் தின்றுவிட்டுப் போகட்டும். முளைத்த பிறகு மூடாக்கைச் செடிகளுக்கு இடையில் மட்டும் பரப்புங்கள்.

முருங்கையை வீட்டுச் சுவரிலிருந்து தள்ளிக் கொல்லை மூலையில் வையுங்கள், காற்றுக்குக் கிளை முறியும். போத்து, அதாவது வெட்டிய கிளை நடலாம், இல்லையென்றால் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி உருவாக்கிய பி.கே.எம்.1 ரக விதை, ஆறேழு மாதத்தில் காய்க்கும். மூன்றடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். 'முருங்கையை ஒடித்து வளர்' என்பது சும்மா சொன்னதில்லை, அப்போதுதான் கை எட்டும் உயரத்தில் கிளைக்கும்.

பந்தல். எங்கள் அடுப்படிச் சுவர் மேற்கே பார்த்தது, மாலையில் அனல் அடிக்கும். அதை ஒட்டி ஆறு சவுக்குக் கம்பு நட்டு, மேலே கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினேன். ஆடியில் அவரையும் புடலையும் போட்டேன். புரட்டாசிக்குள் சுவரில் நிழல் விழுந்துவிட்டது. அவரை கொடியாகவே ஓடிக்கொண்டிருக்கிறதே என்று பயந்து உரத்தைக் கொட்டாதீர்கள். நாட்டு அவரை பகல் குறுகினால்தான் பூக்கும், கார்த்திகை வரை பொறுங்கள்.

சரி, கணக்கு. ஒரு குட்டியானை வண்டிச் செம்மண் 1,400, எட்டு மூட்டை தொழு உரம் 640, கம்பு 600, கயிறு 120, விதை 150. ஆக 2,910 ரூபாய். விலை ஊருக்கு ஊர் மாறும். விதைக் காசு ஒரு தடவைதான்: கொடியில் நன்றாகத் திரண்ட அவரைக்காய் நாலைந்தைப் பறிக்காமல் முற்றவிட்டு, காய்ந்ததும் சாம்பலில் புரட்டி எடுத்துவையுங்கள். அடுத்த ஆடிக்கு ஆகும்.