வியாழக்கிழமை பத்து மணிக்கு யாரும் வரமாட்டார்கள்: சமூகப்பணிக் களப்பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முதலாண்டில் எனக்குக் களப்பயிற்சிக்குக் கிடைத்தது ராமேஸ்வரத்தில் ஒரு கடலோரத் தெரு. கல்லூரி ஒதுக்கிய நாட்கள் வியாழன், வெள்ளி. மூன்றாவது வாரம், வியாழன் காலை பத்து மணிக்குப் பெண்கள் கூட்டம் என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தேன். எல்லாரும் "சரி தம்பி, வர்றோம்" என்றார்கள். வந்தது மூன்று பாட்டிகளும் ஒரு கைக்குழந்தையும். சார்ட்டையும் ஸ்கெட்ச் பேனாவையும் மடியில் வைத்துக்கொண்டு பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்திருந்தேன். அன்றைய ரிப்போர்ட்டில் 'மக்களிடம் பங்கேற்பு ஆர்வம் குறைவு' என்று எழுதினேன்.

அந்த வரி அப்பட்டமான பொய். ராமேஸ்வரம் விசைப்படகுகள் வழக்கமாகத் திங்கள், புதன், சனி கிழமைகளில் கடலுக்குப் போகும். மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. புதன்கிழமை போன படகு வியாழன் காலையில் கரைக்கு வந்துவிடும். நான் சார்ட் விரித்த நேரத்தில் அந்தத் தெருப் பெண்களில் பலர் மீன் தரம் பிரித்துக்கொண்டும், கூடையில் வாங்கி விற்றுக்கொண்டும், கம்பெனியில் இறால் உரித்துக்கொண்டும் இருந்தார்கள். அவர்களுக்குக் கையில் காசு பார்க்கும் காலைகளில் ஒன்றைப் பார்த்து நான் கூட்டம் போட்டிருக்கிறேன். "வர்றோம்" என்றது மரியாதைக்குச் சொன்னது. வீடு தேடி வந்த பிள்ளையிடம் 'வர முடியாது' என்று முகத்துக்கு நேரே யார் சொல்வார்கள்?

இப்போது மாணவர்களைக் களத்துக்கு அழைத்துப்போகும் வேலை எனக்கு. ஆண்டுதோறும் யாராவது ஒருவர் அதே வரியை எழுதிக்கொண்டு வருகிறார். அதனால் முதல் இரண்டு வாரம் கூட்டமும் வேண்டாம், கணக்கெடுப்பும் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். தெரு எப்போது விழிக்கிறது, எப்போது வெறிச்சோடுகிறது என்று மட்டும் குறித்து வரட்டும். தண்ணீர் எந்த நேரத்தில் வருகிறது, தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கி யார் இழுத்துப் போகிறார்கள், பாசி எடுக்கப் போகும் பெண்கள் எந்த நாட்களில் கடலில் இருக்கிறார்கள் (அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் வற்றும் நாட்களைப் பார்த்துப் போவார்கள்), தங்கச்சிமடம் தேவாலயத்தில் ஞாயிறு பூசை எத்தனை மணிக்கு, கீழக்கரையில் வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து தெரு எப்போது பழைய நடைக்கு வருகிறது. காற்றையும் சேர்த்துக் குறிக்க வேண்டும். வாடை (வடகிழக்குக் காற்று) காலத்தில் வடகடலான பாக் விரிகுடா கொந்தளிக்கும், கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் தென்கடலான மன்னார் வளைகுடா. எந்தக் கடலை நம்பியிருக்கிற தெரு என்று தெரியாமல் 'வருமானம்' என்ற கேள்வியைக் கேட்டால் கிடைக்கிற எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

அடுத்த தவறு 'நகர்ப்புறம்' என்ற சொல்லில் ஒளிந்திருக்கிறது. வகுப்பில் நகர்ப்புறச் சமூகம் என்றால் கூவம் கரைக் குடிசைகளும் வாரியக் குடியிருப்புகளும்தான் கண்முன் வரும். இங்கே ராமேஸ்வரமும் கீழக்கரையும் நகராட்சி, மண்டபம் பேரூராட்சி, நடுவில் இருக்கும் பாம்பனும் தங்கச்சிமடமும் ஊராட்சி. பேருந்தில் பதினைந்து நிமிடம் தள்ளிப் போனால் ஆட்சி அமைப்பே மாறிவிடும். ராமேஸ்வரம் நகராட்சி வார்டு ஒன்றில் ஒரு மாணவி நூறு நாள் வேலை அட்டைக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று அரைமணி நேரம் அழகாக விளக்கினார். அது ஊரகப் பகுதிக்கான திட்டம், நகராட்சிக்குள் கிடையாது. கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அது தெரியும். பாவம், புள்ள பேசட்டும் என்று விட்டுவிட்டார்கள். கிராம சபையும் அப்படித்தான்: ஊராட்சியில் உண்டு, நகராட்சியில் வார்டு குழுவும் பகுதி சபையும். போகும் முன் உங்கள் தெரு எந்த உள்ளாட்சியில், எத்தனையாவது வார்டில், எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தின் கீழ், எந்த அங்கன்வாடியின் எல்லையில் என்று நான்கு வரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கடலோரம் என்பதால் எல்லாரையும் மீனவர் என்று எழுதிவிடுவதும் இதே கண்ணாடியின் இன்னொரு பக்கம். ராமேஸ்வரத்தில் கோவிலின் 22 தீர்த்தங்களை நம்பியும், லாட்ஜில் அறை கழுவியும், சங்கு சிப்பிச் சாமான் விற்றும், ஆட்டோ ஓட்டியும் பிழைக்கும் குடும்பங்கள் எத்தனை! கூட்ட நாள் எது, ஆளில்லாத நாள் எது என்பதுதான் அவர்களின் பருவம்.

யார் வழியாக உள்ளே போகிறோம் என்பதில் இரண்டு பக்கமும் சறுக்கல் உண்டு. சங்கத் தலைவர், பங்குத்தந்தை, ஜமாத்தார் யாரிடமும் சொல்லாமல் நேரே வீட்டுக் கதவைத் தட்டினால் மறுநாள் 'யாரு இந்தப் பிள்ளைங்க?' என்ற கேள்வி ஊர் முழுக்க ஓடும். அவர்களிடம் மட்டுமே பேசிவிட்டு வந்தால் தெருவில் வசதியாக இருப்பவர்களின் குறை மட்டும் ரிப்போர்ட்டில் இருக்கும், விதவையின் குறை இருக்காது. முதல் நாள் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அப்புறம் தெருவின் கடைசி வீட்டிலிருந்து தொடங்குங்கள். கீழக்கரை வீடுகளில் ஆண் மாணவர் தனியாக நுழைய வேண்டாம், உடன் படிக்கும் பெண்ணோடு போங்கள். முதல் நாளே 'லாத்தா' (அக்கா), 'காக்கா' (அண்ணன்) என்று உறவு கொண்டாடுவதும் வேண்டாம். சிலருக்கு அது நடிப்பாகப் படும். அவர்களே ஒருநாள் உங்களை ஓர் உறவுமுறை சொல்லி அழைப்பார்கள், அதற்கு ஏற்ற பதில் முறையைப் பிடித்துக்கொள்ளலாம்.

வாக்குறுதிக்கு வருவோம். நான் செய்த தவறுகளில் இன்றும் உறுத்துவது இதுதான். முதியோர் உதவித்தொகை நின்றுபோன ஒரு பாட்டிக்கு மனு எழுதிக் கொடுத்தேன். "நான் பார்த்துக்கறேன் பாட்டி" என்றும் சொன்னேன். மனு ஓர் அலுவலகத்தில் போய்ச் சேர்ந்தது, பதில் வரவில்லை. அதற்குள் செமஸ்டர் முடிந்து நான் ஊருக்குப் போய்விட்டேன். மறுவருடம் அதே தெருவுக்குப் போன ஜூனியரிடம் பாட்டி, "அந்தத் தம்பி எப்பய்யா வரும்? காகிதம் அதுகிட்டதான் இருக்கு" என்று கேட்டாராம். மனுவின் நகலைக்கூட நான் அவரிடம் கொடுத்திருக்கவில்லை.

அதனால் இப்போது மாணவர்களிடம் இரண்டு விஷயத்தில் கறாராக இருக்கிறேன். எந்த மனுவின் நகலும் ரசீதும் மனுதாரர் கையில்தான் இருக்க வேண்டும். பக்கத்து வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு பெண்ணும் மனு கொடுக்கும் வழியை உடன் இருந்து பார்த்திருக்க வேண்டும். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்தோறும் குறைதீர்க்கும் கூட்டம் உண்டு. ஆனால் ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரத்துக்கு 50 கி.மீ.க்கு மேல். பேருந்துச் செலவும் ஒருநாள் கூலி இழப்பும் மனுவின் விலையில் சேரும். அதைக் கணக்குப் பார்க்காமல் 'கலெக்டர்கிட்ட கொடுங்க' என்று சொல்வது ஆலோசனையே அல்ல. 'நான் மாணவன், மார்ச் கடைசி வரை வருவேன், என்னால் வழி காட்ட முடியும், காசு வாங்கித் தர முடியாது' என்பதை முதல் வாரமே சொல்லிவிடுங்கள். சொன்னால் பேசமாட்டார்களோ என்ற பயம் வேண்டாம். சொன்ன பிறகுதான் நம்பிப் பேசுகிறார்கள்.

கைபேசியைப் பற்றி நீட்டி எழுத ஆசையில்லை, ஆனால் எழுத வேண்டியிருக்கிறது. இலங்கைக் கடற்படை பிடித்துப்போனவரின் வீட்டில் மனைவி அழுகிறார், மாணவர் படம் எடுக்கிறார், மாலையில் அது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். அந்த வீட்டுக்கு ஏற்கெனவே நிருபர்களும் கட்சிக்காரர்களும் வந்து போயிருப்பார்கள். நீங்களும் கேமராவோடு போனால் அவர்களில் ஒருவர், அவ்வளவுதான். மண்டபம் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமுக்குள் முன் அனுமதியில்லாமல் போகக் கூடாது, போனாலும் படம் எடுக்கக் கூடாது. மனநோய் தீர வேண்டி நோயாளிகளை அழைத்துவரும் தர்கா உள்ள ஏர்வாடிக்குப் பார்வையிடப் போகும் குழுக்களுக்குக் கூடுதல் எச்சரிக்கை. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதை எந்த வடிவிலும் தடை செய்கிறது, சிகிச்சையில் இருப்பவரின் படத்தை அவர் சம்மதமில்லாமல் ஊடகத்துக்குத் தருவதையும் தடுக்கிறது. இதைப் பாடமாகப் படித்துவிட்டு, தர்கா வாசலில் படுத்திருப்பவரை செல்ஃபியின் பின்னணியாக்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அங்கே நேர்ந்துகொண்டு தங்கும் குடும்பங்களிடம் 'இதெல்லாம் மூடநம்பிக்கை' என்று பிரசங்கம் செய்கிறவர்களையும்தான். தர்காவில் பிரார்த்தனையும் அரசு மருத்துவரின் சிகிச்சையும் சேர்ந்தே நடக்க ஏற்பாடு இருக்கிறது. அதைப் பற்றிச் சொல்லியிருந்தால் பயன் இருந்திருக்கும்.

ரகசியம் காப்பது என்பதைச் சிலர் வேறு மாதிரிப் புரிந்துகொள்கிறார்கள். ஒரு குழந்தை, "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுக்கா" என்று கேட்கும். பண்ணாதீர்கள். குழந்தைக்குப் பாலியல் துன்புறுத்தல் நடந்திருக்கிறது என்று தெரியவந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பது 2012 போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி எல்லாருக்கும் கடமை, மாணவர் என்பதால் விலக்கு இல்லை. 'உன்னைப் பத்திரமா வச்சுக்க யார்கிட்ட சொல்லணுமோ அவங்ககிட்ட மட்டும் சொல்வேன்' என்று சொல்லுங்கள். அன்றே சூப்பர்வைசரிடம் பேசிப் புகாரை உறுதிசெய்யுங்கள், குழந்தைக்கு உதவி தேட 1098ஐ அழைக்கலாம். அடுத்த வார இன்டிவிஜுவல் கான்ஃபரன்ஸ் (சூப்பர்வைசரோடு தனியாகப் பேசும் நேரம்) வரை காத்திருக்கிற விஷயம் இல்லை அது. குழந்தையின் பெயரோ தெருவோ உங்கள் ரெக்கார்டில் வரக் கூடாது. அந்த நோட்டு வகுப்பில் கைமாறும்.

புரோகிராம் மோகம் இன்னொன்று. பேரணி, தெருநாடகம், பரிசளிப்பு, பேனர், குழுப்படம். பிளாஸ்டிக் ஒழிப்புப் பேரணியில் பிள்ளைகளுக்குப் பிளாஸ்டிக் கோப்பையில் ஜூஸ் கொடுத்ததைப் பார்த்த பிறகு இதைப் பற்றி வாதாடுவதை விட்டுவிட்டேன்.

ரிப்போர்ட்டைச் சொல்லாமல் முடிக்க முடியாது, தவறுகள் எல்லாம் கடைசியில் அங்கேதான் போய்ப் படுக்கின்றன. 'இன்று களத்துக்குச் சென்று மக்களுடன் நல்லுறவு ஏற்படுத்தினேன்' என்ற வரி எனக்கு வாரம் பத்து முறை வருகிறது. ஒரு மாணவி சென்ற ஆண்டு எழுதியது வேறு மாதிரி இருந்தது: 'அந்த அக்கா வலைக்கயிறு சுற்றிக்கொண்டே பேசினார். மகன் படிப்பைக் கேட்டதும் கை நின்றது. ஒன்பதாம் வகுப்போடு படகுக்குப் போய்விட்டான் என்றார். நான் அடுத்த கேள்வி கேட்கவில்லை. எனக்குக் கூச்சமாக இருந்தது.' பார்த்தது, கேட்டது, தனக்குள் நடந்தது மூன்றும் தனித்தனியாக நிற்கின்றன. அந்தக் கூச்சத்தை வைத்து அன்று ஒரு மணி நேரம் பேச முடிந்தது. நல்லுறவு ஏற்படுத்தியவரிடம் பேச என்னிடம் எதுவும் இருப்பதில்லை. வீட்டுக்கு வந்த அன்றிரவே எழுதுங்கள். நான்கு வார ரிப்போர்ட்டை ஒரே ராத்திரியில் எழுதினால் எல்லாப் பெண்களும் ஒரே குரலில் பேசுவார்கள்.

கல்லூரிகளுக்கும் ஒரு வார்த்தை. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள். வருடம் முழுக்க 'அவர் கடலுக்குப் போயிருக்கார்' என்ற பதிலையே கேட்ட வீடுகளில் அப்போதுதான் ஆண்கள் இருப்பார்கள். படகைக் கரையேற்றிப் பழுது பார்ப்பார்கள், நிழலில் உட்கார்ந்து வலை முடிவார்கள், கடனைப் பற்றியும் பிள்ளைகளைப் பற்றியும் பேச நேரம் இருக்கும். நாம் சரியாகத் தடை தொடங்கும் வாரத்தில்தான் ரெக்கார்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஊரைவிட்டுக் கிளம்புகிறோம். இந்தக் கரையில் மாணவர்களைப் போடுகிற துறைகள் பிளாக் பிளேஸ்மென்ட்டின் (இடைவெளியில்லாத தொடர் களப்பயிற்சி) முப்பது நாளையாவது மே மாதத்துக்குத் தள்ளிப் பார்க்கலாம். வெயில் கடுமையாகத்தான் இருக்கும். காலை ஆறரைக்கே போய்விட்டால் வலை முடிகிறவர்களோடு உட்கார்ந்து ஒரு டீ குடிக்கலாம்.