பாட்டு பிளேயரில் புது மாடல்: எப்போது வாங்கலாம், எப்போது பேட்டரி மாற்றினாலே போதும்

போன வருஷம் வந்த அதே பிளேயர், இந்த வருஷம் பெயருக்குப் பின்னால் ஒரு 'பிளஸ்' ஒட்டிக்கொண்டு வரும். ஒலி மெருகேறிவிட்டதாக அட்டைப் பெட்டியில் போட்டிருப்பார்கள். பல நேரம் மாறியிருப்பது உள்ளே ஒரு ஐசி (சில்லு) மட்டும்தான். 2020 அக்டோபர் 20 அன்று ஜப்பானின் நொபெயோகாவில் ஏகேஎம் நிறுவனத்தின் ஆலை தீப்பிடித்தது. விலை கூடிய பிளேயர்கள் பலவற்றில் டிஜிட்டல் பாட்டை ஒலியாக மாற்றும் 'டாக்' ஐசி அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. சரக்கு நின்றதும் கம்பெனிகள் வேறு ஐசிக்கு மாறின. அதற்காக போர்டையே திருத்தி வரைய வேண்டியிருந்தது. ஃபியோ எம்11 பிளஸ் என்ற பிளேயர் முதலில் ஏகேஎம் ஐசியோடும் பிறகு இஎஸ்எஸ் ஐசியோடும் வந்தது இப்படித்தான்.

புது மாடல் வர உதிரிப்பாகம் மலிவாவதும் ஒரு காரணம். 2004-ல் வந்த ஐபாட் மினிக்குள் குட்டி ஹார்டு டிஸ்க் சுழன்றது. நன்றாக விற்றுக்கொண்டிருந்தபோதே, 2005 செப்டம்பரில், அதை நிறுத்திவிட்டு ஃபிளாஷ் மெமரி வைத்த நானோவைக் கொண்டுவந்தது ஆப்பிள். தானே செய்யாவிட்டால் போட்டிக்காரன் செய்திருப்பான்.

பிறகு சட்டம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 28 முதல் கைபேசி, ஹெட்போன், ஸ்பீக்கர் போன்றவற்றுக்கு டைப்-சி சார்ஜிங் துளை கட்டாயம். ஐரோப்பாவுக்கு ஒரு அச்சு, காரைக்குடிக்கு ஒரு அச்சு என்று எந்த ஆலையும் தனித்தனியாக ஓட்டாது. 2027 பிப்ரவரி 18 முதல், வாங்கியவரே கழற்றி மாற்றும்படி பேட்டரி இருக்க வேண்டும் என்ற விதியும் அங்கே வருகிறது. அவசரமில்லாதவர்கள் அதுவரை பொறுப்பது நல்லது.

பெயர் மாறாமலே உள்ளே மாறுவதும் உண்டு. பழைய சான்டிஸ்க் சான்சா கிளிப் பிளேயரில் ஃபர்ம்வேர் (பிளேயரை இயக்கும் உள் மென்பொருள்) எண் 01 என்று தொடங்கினால் முதல் வெர்ஷன், 02 என்றால் இரண்டாவது. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். ஒன்றுக்குரிய ஃபர்ம்வேரை மற்றதில் ஏற்றக் கூடாது.

வாங்குமுன் பழசு, புதுசு இரண்டின் விவரப் பட்டியலையும் அருகருகே வையுங்கள். மெமரி கார்டு வரம்பு 32 ஜிபியிலிருந்து கூடியிருந்தால் அது உண்மையான மாற்றம்; பாட்டு நிறைய வைத்திருப்பவருக்குப் பயன்படும். ஆனால் அதற்காகவே வாங்க வேண்டியதில்லை. 64 ஜிபி கார்டு எக்ஸ்ஃபாட் என்ற கோப்பு முறையில் வரும், பழைய பிளேயருக்கு அது புரியாது. கணினியில் போட்டு ஃபாட்32 முறைக்கு ஃபார்மேட் செய்தால் பல பிளேயர்கள் படித்துவிடும். ஃபார்மேட் செய்தால் கார்டில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், முதலில் நகல் எடுங்கள்.

ப்ளூடூத்தில் பாட்டைக் கூடுதல் தரத்தோடு அனுப்பும் எல்டாக் புதிதாகச் சேர்ந்திருக்கிறதா? உங்கள் ஹெட்போனிலும் எல்டாக் இருந்தால்தான் பலன். இல்லாவிட்டால் இரண்டும் எஸ்பிசி போன்ற வேறு முறையில்தான் பேசிக்கொள்ளும். ப்ளூடூத் எண் 5.0-லிருந்து 5.3 ஆனதற்காகக் காசு கொடுக்காதீர்கள். முகப்பில் பிளேயரும் இரண்டாங்கட்டில் ஸ்பீக்கரும் இருந்தால், நம் வீட்டுச் சுவர்களுக்கு முன்னால் எந்த எண்ணும் எடுபடாது. ஆண்ட்ராய்டு பிளேயர் மட்டும் வேறு கணக்கு: பழைய ஆண்ட்ராய்டுக்குப் பாட்டுச் செயலிகள் ஒரு கட்டத்தில் கைவிரித்துவிடும். கார்டில் பாட்டு வைத்துக் கேட்பவருக்கு அந்தக் கவலை இல்லை.

நாள் முழுக்கப் பாடியது இரண்டு மணி நேரத்தில் அணைகிறதென்றால், கோளாறு பேட்டரியில். லித்தியம் பேட்டரி 300 முதல் 500 முறை முழுதாக ஏறி இறங்கினால் தளர்ந்துவிடும். சித்திரை வெயிலில் காருக்குள் கிடந்தால் அதற்கும் முன்பே. (பேட்டரி ஆராய்ச்சிக்குப் பேர்போன சிக்ரி ஆய்வு நிலையம் நம்மூர் காரைக்குடியில்தான் இருக்கிறது. ஆனால் உங்கள் பிளேயரை அங்கே மாற்றித் தரமாட்டார்கள்.)

மலிவான எஃப்எம் பாட்டுப் பெட்டிகள் பலவற்றில் பின்மூடியைத் தள்ளினால் பிஎல்-5சி பேட்டரி இருக்கும், கையாலேயே மாற்றலாம். அதன் அளவுக்கு ஆயிரத்துச் சொச்சம் எம்ஏஎச் (பேட்டரி கொள்ளளவின் அலகு)தான் கொள்ளும். 3000 என்று அச்சடித்திருந்தால் பொய்.

ஒட்டி வைத்த பேட்டரி என்றால், மேலே இருக்கும் எண்ணைப் படியுங்கள். 503040 என்றால் 5.0 மி.மீ. கனம், 30 அகலம், 40 நீளம். அதே எண் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் கனம் குறைந்தது பரவாயில்லை, கூடியது வேண்டாம். மூடியை அமுக்கித் திருகினால் பேட்டரி நசுங்கும். பழசில் எத்தனை ஒயர் என்றும் எண்ணுங்கள். சிவப்பு, கறுப்போடு மூன்றாவதாக வெள்ளையோ மஞ்சளோ இருந்தால் அது பெரும்பாலும் வெப்பம் பார்ப்பது. இரண்டு ஒயர் பேட்டரி போட்டால் சில பிளேயர் சார்ஜ் ஏற மறுக்கும்.

பிளேயரை அணைத்துவிட்டுக் கறுப்பு ஒயரை முதலில் கழற்றி, நுனியில் டேப் சுற்றிவிட்டுச் சிவப்புக்குப் போங்கள். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டிங் பிளையரால் வெட்டினால் ஷார்ட் ஆகும். பசையை விடுவிக்க ஸ்க்ரூடிரைவரால் நெம்பக் கூடாது. பழைய ஏடிஎம் கார்டை மெல்லச் செருகினால் போதும். புதுசை வைக்குமுன் மல்டிமீட்டரில் பிளஸ், மைனஸ் பாருங்கள், ஏனென்றால் மலிவுப் பேட்டரியில் ஒயர் நிறத்தை நம்ப முடியாது. மீட்டர் 3 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். பற்றவைக்க 25 வாட் சால்டரிங் அயர்ன் போதும். சிவப்பு முதலில், கறுப்பு கடைசியில், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று விநாடி. முதல் சார்ஜை 5 வோல்ட், 1 ஆம்பியர் சார்ஜரில் போட்டு அரை மணி நேரம் பக்கத்திலேயே இருங்கள். தொட முடியாத சூடு வந்தால் உடனே பிடுங்கிவிடுங்கள்.

கழற்றிய பேட்டரி உப்பியிருந்தால் குத்திப் பார்க்காதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். முனைகளில் டேப் ஒட்டி, காய்ந்த மணல் நிரப்பிய தகர டப்பாவில் வைத்து மின்கழிவு வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள்.