ஓநாய் பார்க்கணுமா? முதலில் காக்கையைத் தேடுங்கள்

குளிர்காலத்தில் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவிலுள்ள லமார் பள்ளத்தாக்குக்குப் போனால், பனிவெளி முழுக்க பைனாகுலரை ஓட்டி ஓநாயைத் தேடாதீர்கள். ரேவன் எனப்படும் பெரிய அண்டங்காக்கைகள் எங்கே வட்டமிடுகின்றன, எங்கே கூட்டமாக இறங்குகின்றன என்று பாருங்கள், அப்புறம் அந்த இடத்தையே பொறுமையாகக் கவனியுங்கள். ஓநாய்கள் எல்க் மானை வீழ்த்தினால் மிச்சம் கிடைக்கும் என்பதால் இந்தக் காக்கைகள் குளிர்காலத்தில் ஓநாய்க் கூட்டத்தோடே திரிகின்றன. வேட்டை முடிந்த சில நிமிடங்களிலேயே வந்து விடும். ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் படுத்திருக்கும் சாம்பல் நிற ஓநாய் கண்ணில் படாது, ஆனால் வெள்ளைப் பனிக்கு மேல் கறுப்பாகப் பறக்கும் பத்துப் பறவைகள் வெறுங்கண்ணுக்கே தெரியும். விடிகாலையில் போவதுதான் சிறந்தது, கார்டினர் ஊரிலிருந்து இந்தப் பள்ளத்தாக்கு வழியாகக் குக் சிட்டி ஊருக்குப் போகும் சாலை குளிர்காலம் முழுக்க கார்களுக்குத் திறந்திருப்பதால் இதற்காகப் பனி வண்டிக்குக் காசு கட்டவும் வேண்டாம்.

வண்டி நிறுத்துமிடத்தில் சுற்றும் காக்கைகளை நம்பாதீர்கள், அவை நம் சாப்பாட்டுக்காக நிற்பவை. குளிரில் தானாகச் செத்த விலங்கிடமும் காக்கைகள் கூடும், அங்கே கொயோட்டி எனப்படும், ஓநாயைவிடச் சிறிய காட்டு நாய் இனம் மட்டும்தான் இருக்கலாம். எதுவானாலும் சாலையோரத்தில் நின்றே பாருங்கள். ஓநாயிடமிருந்து குறைந்தது 91 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது பூங்கா விதி.