காணிக்கை எண்ண இருவர், ஒரு சீட்டு

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பையை வெஸ்ட்ரியிலேயே (ஆலயத்தை ஒட்டிய அறை) திறந்து, ஒரே வீட்டைச் சேராத இருவர் சேர்ந்து எண்ணுங்கள். 500 எத்தனை, 200 எத்தனை, சில்லறை எவ்வளவு என்று நோட்டு வாரியாக ஒரு சீட்டில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகே பணம் பொருளாளர் கைக்குப் போகட்டும். நடுவில் கார்பன் தாள் வைத்து எழுதினால் ஒரு பிரதி பணத்தோடு போகும், இன்னொன்று ஃபைலில் தங்கும்.

திங்கட்கிழமை வங்கிச் சலானை அந்தச் சீட்டைப் பார்த்தே நிரப்பிவிடலாம். ஆடிட்டர் கேட்கும்போதும் பழைய நோட்டுப் புத்தகங்களைக் கிளற வேண்டியதில்லை. ஆனால் பெரிய லாபம் பொருளாளருக்குத்தான்: தனியாக எண்ணுகிறவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், ஒரு பேச்சு கிளம்பினால் அவரிடம் காட்ட ஒன்றும் இருக்காது. எருசலேம் ஏழைகளுக்கான பணத்தை அப்போஸ்தலர் பவுலே தனியாகக் கையாளவில்லை. யாரும் குறை சொல்லக் கூடாதென்று சபைகள் தேர்ந்தெடுத்த ஒருவரைக் கூட வைத்துக்கொண்டார் (வேதாகமம், 2 கொரிந்தியர் 8:18-21). ‘என்மேல் சந்தேகமா?’ என்று முகம் சுளிக்கிறவர்களுக்கு இந்த வசனத்தைக் காட்டலாம்.

க்யூஆர் கோடு வழியாக வங்கிக் கணக்குக்கே வரும் காணிக்கைக்கு இது தேவையில்லை, ஸ்டேட்மென்ட் போதும். பெயர் எழுதிய கவரில் வரும் சங்கக் காணிக்கைக்கும் (சபை உறுப்பினர் சந்தா), அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருள்களை ஏலம் விட்டு வரும் தொகைக்கும் இந்தச் சீட்டு போதாது. அவரவர் பெயரில் தனி ரசீது போட்டே ஆகவேண்டும். ஏலத்தில் பாதிப் பேர் ‘அப்புறம் தருகிறேன்’ என்றுதானே சொல்கிறார்கள்!