நாடக நடிகையின் வரலாற்றைத் தேதியோடு எழுத

செங்கோட்டை, நாகர்கோவில் பக்கத்து நாடக நடிகை ஒருவரைப் பற்றி ஊர் மலருக்கு எழுத உட்காருகிறவர்கள் முதலில் தேடுவது படப் பட்டியல். அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். படத்துக்கு வருஷம் எப்படியும் கிடைத்துவிடும், மேடைக்குத்தான் கிடைக்காது. கே.பி. சுந்தராம்பாளையே பாருங்கள். கொடுமுடியில் பிறந்து, நாடக நடிகர் செங்கோட்டை கிட்டப்பாவை மணந்தவர். நந்தனார் 1935, மணிமேகலை 1940, ஔவையார் 1953. இதை மட்டும் நம்பினால் நடுவில் 13 வருஷம் சும்மா இருந்தவர் மாதிரி ஆகிவிடும். கச்சேரியும் காங்கிரஸ் மேடையும் படப் பட்டியலில் ஏறாது.

ஆகவே நாடக நோட்டீஸில் தொடங்குங்கள். டிரங்குப் பெட்டியின் அடியில் மடிந்து கிடந்ததை ஒரே இழுப்பில் விரிக்காதீர்கள், மடிப்பிலேயே கிழியும். செலோடேப், லாமினேஷன் இரண்டும் வேண்டாம். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படமெடுங்கள். பின்னால் பென்சிலில் முன்பணம், வண்டிச்சத்தம் (வண்டி வாடகை) என்று கணக்கு இருந்தால் அதுதான் சம்பளச் சான்று.

தேதியில்தான் பலரும் சறுக்குவார்கள். பழைய நோட்டீஸில் ஆங்கில வருஷம் இல்லாமல் கொல்லம் ஆண்டு (மலையாள ஆண்டுக் கணக்கு) மட்டும் இருக்கும். ஆவணி முதல் மார்கழிப் பாதி வரை 824 கூட்டுங்கள். அதற்குப் பிறகு ஆடி முடிய 825. 1109 கார்த்திகை என்றால் 1933; அதே 1109 தை என்றால் 1934. கிட்டப்பா மறைந்த 1933 டிசம்பர் 2 இந்த 1109-இல்தான் வருகிறது. கண்ணூர் போன்ற வடமலபார் ஊர் நோட்டீஸ் என்றால் இன்னொரு சிக்கல்: வடமலபார் வழக்கில் ஆண்டு கன்னியில்தான் (நம் புரட்டாசி) பிறக்கும். திருவிதாங்கூரில் புது ஆண்டு பிறந்துவிட்ட ஆவணி மாதம் அங்கே பழைய ஆண்டிலேயே இருக்கும். மாதப் பிறப்பைக் கணிக்கும் முறையும் தமிழுக்கும் மலையாளத்துக்கும் வேறு என்பதால் சில மாதங்களில் ஒருநாள் தள்ளிப்போகும். கிழமை அச்சாகியிருந்தால் அதை வைத்துத் தீருங்கள். ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கி விடிய விடிய நடந்த நாடகத்தை ஊரார் மறுநாள் கணக்கில் சொல்வதும் உண்டு. நோட்டீஸில் உள்ள நாளே சரி. ஸ்ரீமுக, பவ என்று தமிழ் வருஷம் மட்டும் இருந்தால் 60 வருஷச் சுற்றில் எது என்று பார்க்க வேண்டும். அச்சகத்தின் டெலிபோன் நம்பர் அச்சாகியிருந்தால் அதுவும் துப்புத் தரும்.

பெயரிலும் கவனம் தேவை. ஸ்திரீபார்ட் (பெண் வேஷம்) என்று போட்டிருப்பதாலேயே பெண் என்று எழுதிவிடாதீர்கள். சிறுவர்களை வைத்தே நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனிகளில் அந்த வேஷம் கட்டியது பையன்கள். தலைகீழாகவும் நடந்திருக்கிறது, படத்தில் நந்தனாராக வந்தவர் சுந்தராம்பாள்.

நடிகை உயிரோடு இருந்தால் நேரில் போய்க் கேளுங்கள். “எந்தக் கம்பெனிம்மா?” என்ற கேள்வி ஸ்பெஷல் நாடகக்காரரிடம் எடுபடாது. அங்கே நிலையான குழு கிடையாது, ஒவ்வொருவருக்கும் தனித்தனி முன்பணம். “எந்த வருஷம்?” என்பதும் வீண். “ராஜபார்ட் யாரு, ஆர்மோனியம் யாரு, எந்தக் கோயில் கொடைக்கு?” என்று கேளுங்கள், மளமளவென்று வரும். தனுஷ்கோடிப் புயலுக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டால் 1964-க்கு எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிடும்.

ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் அந்தக் காலத்து எல்லையை எழுதுங்கள். 1956 நவம்பர் 1-க்கு முன் செங்கோட்டை தமிழ்நாட்டில் இல்லை. முதலில் திருவிதாங்கூர், 1949 முதல் திருக்கொச்சி (திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம்). 1930-இல் அங்கே பிறந்தவரை “தென்காசி மாவட்டத்தில் பிறந்தார்” என்று எழுதுவது அபத்தம். அந்த மாவட்டம் உருவானதே 2019-இல்.

இசைத்தட்டு கிடைத்தால் லேபிளில் உள்ள எண்ணையும், லேபிளுக்கு வெளியே வெற்று வளையத்தில் பொறித்திருக்கும் எண்ணையும் குறியுங்கள். மறுபதிப்பில் லேபிள் மாறலாம். பொறித்த எண்தான் பதிவை அடையாளம் காட்டும். தூசியை உலர்ந்த மென்துணியால் மட்டும் துடையுங்கள். பழைய தட்டு அரக்கால் ஆனது; ஸ்பிரிட் தொட்டால் அது கரைந்து பாட்டும் போய்விடும்.