சொன்னபடி கேட்காத ஹீலரும் எங்கள் ஊர் வாய்க்காலும்

எங்கள் வயல் திருத்துறைப்பூண்டி பக்கம், கடைமடை. வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூரைத் திறந்தாலும், கல்லணையில் பிரிந்து வெண்ணாறு வழியாகத் தண்ணீர் எங்களிடம் வந்துசேர நாளாகும். வழியிலிருக்கும் மடையெல்லாம் குடித்தது போக மிச்சம்தான் எங்களுக்கு. 2009-இல் வந்த 'டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்' கணினி விளையாட்டில், தானாகச் சண்டை போடும் கூட்டாளிகளுக்கு வேலை சொல்லும் டாக்டிக்ஸ் பட்டியலும் இப்படித்தான் ஓடுகிறது. அது புரிய எனக்கு ரொம்ப நாளானது.

பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் இரண்டு பாதி: எப்போது, என்ன செய்ய. கூட்டாளி மேலிருந்து படித்துக்கொண்டு வருவார். எந்த வரி முதலில் பொருந்துகிறதோ அதைச் செய்துவிட்டு மறுபடி முதல் வரிக்குப் போய்விடுவார். மேல்வரி எந்நேரமும் பொருந்தினால் கீழ்வரிக்கு முறையே வராது.

நான் செய்த கூத்தைக் கேளுங்கள். வின் என்ற மந்திரக்காரப் பாட்டிதான் நம் ஹீலர், அதாவது அடிபட்டவரைக் குணமாக்குபவர். அவருக்கு முதல் வரியாக 'அருகில் தெரியும் எதிரியைத் தாக்கு' என்று வைத்துவிட்டு, அதற்குக் கீழே 'கூட்டாளிக்கு அடிபட்டால் குணமாக்கு' என்று வைத்திருந்தேன். இன்னொரு கூட்டாளியான வீரன் அலிஸ்டர் கண்ணெதிரே சாய்கிறான், இந்தப் பாட்டி கோலால் எதிரியைச் சுட்டுக்கொண்டே நிற்கிறது. ஒரு மணி நேரம் அதே சண்டை. பக்கத்தில் முறுக்கு தின்றுகொண்டிருந்த மாமா பையன் எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, மேல் மடை தொறந்தே கெடக்கு" என்றான். சண்டையில் எதிரி எப்போதும் கண்ணுக்குத் தெரியத்தானே செய்வான்!

இப்போது என் வின்னுக்கு முதல் வரி, தன் உயிர் 25 சதவீதத்துக்குக் கீழே போனால் மருந்து குடிப்பது. அடுத்தது, கூட்டாளியின் உயிர் 50-க்குக் கீழே போனால் ஹீல். மூன்றாவது, மானா எனும் மந்திர சக்தி 25-க்குக் கீழே போனால், அதை ஏற்றும் லிரியம் பாட்டில். தாக்குவது கடைசியில். ஹீல் போட்ட பிறகு அது மறுபடி தயாராகக் கொஞ்ச நேரம் பிடிக்கும். செய்ய முடியாத வரியைக் கூட்டாளி தாண்டிப் போவதால், கீழ்வரிகளுக்கு அந்த இடைவெளியில் தண்ணீர் பாயும்.

ஏன் 50, ஏன் 75 இல்லை? 75 வைத்தால் சின்னச் சிராய்ப்புக்கெல்லாம் ஹீலைச் செலவழித்துவிடுவார். அப்புறம் பெரிய அடி விழும்போது ஹீல் தயாராக இருக்காது. ஆளைப் பார்த்து எண்ணை மாற்றிக்கொள்ளலாம். கனத்த கவசம் போட்டவனுக்கு 50 போதும்.

அலிஸ்டருக்கு ஒரே ஒரு வரியை மட்டும் மேலே வையுங்கள்: வின்மீது யாராவது பாய்ந்தால் அவனைத் தாக்கு. மற்றதெல்லாம் உங்கள் இஷ்டம்.

தீப்பந்து மந்திரத்தைப் பட்டியலில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். எளிய நிலையைத் தவிர மற்றவற்றில் அது நம் ஆட்களையும் எரிக்கும். ஸ்பேஸ் பாரைத் தட்டி ஆட்டத்தை நிறுத்தி, நீங்களே இடம் பார்த்துப் போடுங்கள். இந்த விஷயத்தில் நான் எந்தக் கூட்டாளியையும் நம்புவதில்லை.

தொடக்கத்தில் வரிகள் கொஞ்சம்தான் கிடைக்கும். லெவல் ஏற ஏறக் கூடும், காம்பாட் டாக்டிக்ஸ் திறனில் புள்ளி போட்டாலும் கூடும். 'ஃபைனல் ஃபேண்டஸி 12' விளையாட்டில் இந்த மாதிரி வரிகளுக்குக் கேம்பிட் என்று பெயர். அங்கேயும் மேலிருந்து கீழ்தான், ஆனால் பல நிபந்தனைகளைக் கடையில் காசு கொடுத்து வாங்க வேண்டும். 2023-இல் வந்த 'பால்டர்ஸ் கேட் 3' வேறு ரகம். சண்டையில் எல்லாரையும் நாமே நகர்த்துகிறோம். நடக்கும்போதுதான் தொல்லை, பின்னாலேயே வந்து பொறியை மிதிப்பார்கள். பொறி இருக்கும் இடத்தில் திரையில் தெரியும் அவர்கள் முகப்படங்களைத் தனித்தனியே இழுத்துப் பிரித்துவிட்டு, ஒருவரை மட்டும் அனுப்புங்கள்.

சண்டைக்கு முன்னால் சேவ் செய்துவிட்டு, ஒரு தடவைக்கு ஒரு வரியை மட்டும் மாற்றி அதே சண்டையை மறுபடி போடுங்கள். நான்கு வரியை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. அப்புறம், எங்கள் ஊர் மாதிரி கரண்ட் போகிற ஊரென்றால் இரண்டு தடவை சேவ் செய்யுங்கள்.