ஆப்பர்ச்சூனிட்டியும் ஆப்போசிட்டும்: நாம் தடுமாறும் இடங்கள்

ஆப்பர்ச்சூனிட்டி என்றால் வாய்ப்பு, ஆப்போசிஷன் என்றால் எதிர்ப்பு. சொற்கள் தொடங்குவது ஒரே மாதிரி, அர்த்தமோ எதிரும் புதிரும். இதை வைத்து, "எதிர்ப்பிலிருந்துதான் வாய்ப்பு பிறக்கிறது, அதனால்தான் இரண்டுக்கும் ஒரே வேர்" என்று உற்சாகமாகப் பேசுவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டுக்கும் பொதுவானது முன்னொட்டு மட்டுமே. வேர் வேறு.

அந்த முன்னொட்டு லத்தீன் மொழியின் 'ஓப்' (ob). நோக்கி, எதிரே, எதிராக என்று இடத்துக்கு ஏற்றபடி பொருள் தரும். நமக்கு இது புதிதில்லை. 'எதிரி'யில் பகை இருக்கிறது. 'எதிர்வீடு' வெறும் திசை. 'எதிர்காலம்' நம்மை நோக்கி வருவது. தமிழின் 'எதிர்' செய்யும் வேலையைத்தான் லத்தீனில் 'ஓப்' செய்கிறது. ஓப் என்றாலே பகை என்று எடுத்துக்கொள்வதுதான் முதல் தவறு.

ஆப்பர்ச்சூனிட்டியில் ஓப்புடன் சேர்ந்திருப்பது 'போர்ட்டுஸ்', அதாவது துறைமுகம். கப்பலைத் துறைமுகம் நோக்கித் தள்ளிக்கொண்டு வரும் காற்றைத்தான் ரோமானியர்கள் 'ஓப்போர்ட்டூனுஸ்' என்றார்கள். பாய்மரம் மட்டுமே இருந்த காலம் அது. கரை கண்ணுக்குத் தெரிந்தும் காற்று ஒத்துழைக்காவிட்டால் கடலிலேயே கிடக்க வேண்டியதுதான். நாம் 'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்கிறோம். நம்முடையது நெற்களத்துக் காற்று, அவர்களுடையது கடல்காற்று. இரண்டு மொழிகளும் வாய்ப்பைக் காற்றில் கண்டிருப்பது எனக்கு எப்போது நினைத்தாலும் வியப்பாக இருக்கும். அதே துறைமுகம் 'இம்பார்ச்சூன்' என்ற சொல்லிலும் இருக்கிறது. ஒதுங்கத் துறை இல்லாத நிலை, அப்புறம் தொந்தரவு, அதிலிருந்து விடாமல் நச்சரிப்பது என்று அதன் பொருள் நகர்ந்தது.

ஆப்போசிட், ஆப்போனன்ட் இரண்டிலும் இருப்பது 'போனெரே', அதாவது வைத்தல். எதிரே வைக்கப்பட்டது ஆப்போசிட். தன் வாதத்தை எதிரே வைப்பவர் ஆப்போனன்ட். அதனால் ஆப்போனன்ட்டை 'எதிரி' என்று மொழிபெயர்ப்பது பெரும்பாலும் பிசகு. சதுரங்கப் பலகைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் எதிராளி. ஆட்டம் முடிந்ததும் கைகுலுக்கிவிட்டுப் போகிறவர். எதிரிக்கு ஆங்கிலத்தில் 'எனிமி' தனியாக இருக்கிறது.

வேர் தெரிந்தால் எழுத்துப்பிழையும் குறையும். 'மரம்' என்பதோடு 'கள்' சேர்ந்தால் மரங்கள் ஆவதுபோல, 'ஓப்' அடுத்து வரும் எழுத்துக்கு இணங்கி மாறும். 'பி' (p) என்ற ஒலிக்கு முன்னால் தானும் அதுவாகிவிடும். ஆப்பர்ச்சூனிட்டி, ஆப்போஸ், அப்ரெஸ் எல்லாவற்றிலும் அந்த எழுத்து இரட்டிப்பது இதனால்தான். அக்கேஷனில் 'சி' இரட்டிப்பதும் ஆஃபரில் 'எஃப்' இரட்டிப்பதும் இதே கதை. ஆப்பர்ச்சூனிட்டியின் நடுவில் 'யு' போட்டு எழுதுபவர்கள் ஏராளம். நடுவில் 'போர்ட்' முழுசாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும், அங்கே 'ஓ' தானாக வந்துவிடும். ஆனால் ஆபரேஷன், ஆப்ஷன் இரண்டும் இந்தக் குடும்பமே இல்லை.

இனி வாக்கியத்துக்கு வருவோம். தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதும்போது நம்மை அதிகம் சறுக்க வைப்பது 'வாய்ப்பு' என்ற சொல்தான். 'பேச வாய்ப்பு கிடைத்தது' என்கிறோம், 'மழை பெய்ய வாய்ப்பு உண்டு' என்றும் சொல்கிறோம். முன்னது நமக்கு அமைந்த சந்தர்ப்பம், பின்னது நடக்கக்கூடிய ஒன்று. ஆப்பர்ச்சூனிட்டி முதலாவதற்கு மட்டும்தான். 'ஆப்பர்ச்சூனிட்டி ஆஃப் ரெயின்' என்று எழுதக் கூடாது, அங்கே 'சான்ஸ்' வர வேண்டும். சான்ஸ் என்ற சொல் 'விழுதல்' என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து வந்தது. தாயக்கட்டை எப்படி விழுகிறதோ அப்படி என்று மனதில் வைத்துக்கொள்ளலாம். சான்ஸ் இந்த இரண்டு பொருளிலும் வரும், ஆனால் பின்னால் வருவதைப் பொறுத்துப் பொருள் மாறும். 'சான்ஸ் டு வின்' என்றால் ஜெயிக்க ஒரு சந்தர்ப்பம். 'சான்ஸ் ஆஃப் வின்னிங்' என்றால் ஜெயிக்கக்கூடிய சாத்தியம் எவ்வளவு என்ற கணக்கு. 'பாசிபிலிட்டி'க்குப் பின்னால் 'ஆஃப்' போடுங்கள், 'டு' போடாதீர்கள்.

அடுத்தது 'எதிரே'. வங்கி வாசலில் நின்றுகொண்டு, தமிழ் தெரியாத நண்பர் ஒருவரிடம் போனில் 'ஆப்போசிட் த பேங்க்' என்று சொன்னேன். அவர் சாலைக்கு மறுபக்கம் போய் நின்று, என்னைக் காணாமல் அரை மணி நேரம் தேடினார். அவர் புரிந்துகொண்டதுதான் சரி. ஆப்போசிட் என்றால் நடுவில் ஒரு சாலையோ மேசையோ இருந்து, இரண்டும் முகத்துக்கு முகம் பார்க்க வேண்டும். வாசல் முன்னால் நின்றால் 'இன் ஃப்ரண்ட் ஆஃப்'. தமிழில் 'எதிரே' இரண்டுக்கும் பொருந்திவிடுவதால் நமக்கு வித்தியாசம் உறைப்பதில்லை. இடத்தைச் சொல்லும்போது ஆப்போசிட்டுக்குப் பின்னால் 'டு', 'ஆஃப்' எதையும் சேர்க்காமல் இருப்பதே நல்லது. எதிர்ச்சொல் என்ற பொருளில் வந்தால் 'ஆப்போசிட் ஆஃப்'.

'ஆப்போஸ் அகைன்ஸ்ட்' என்று எழுதுவதையும் விட்டுவிடுங்கள். 'அதை எதிர்த்தேன்' என்று தமிழில் நேராகச் சொல்வதுபோல, ஆப்போஸ் என்பதற்குத் துணைச்சொல் வேண்டாம். 'ஆப்ஜெக்ட்' மட்டும் 'டு' கேட்கும்.

'ஆப்பர்ச்சூனிஸ்ட்' விஷயத்தில் கவனமாக இருங்கள். கிடைத்த வாய்ப்பை நன்றாகப் பயன்படுத்துபவர் என்று நினைத்து ஒருவரைப் பாராட்டிவிட்டால், அவர் காதில் 'சந்தர்ப்பவாதி' என்றுதான் விழும்.

ஆப்போசிஷன் என்றதும் நமக்கு எதிர்க்கட்சிதான் நினைவுக்கு வருகிறது. வானியலில் அதற்குப் பகையே கிடையாது. பூமியிலிருந்து பார்க்கும்போது ஒரு கோள் சூரியனுக்கு நேர் எதிர்த்திசையில் வரும் நிலை, அவ்வளவுதான். செவ்வாய்க்கு இது சுமார் 26 மாதத்துக்கு ஒருமுறை வரும். அதற்குச் சற்று முன்னால் வரும் சில வாரங்களில்தான் குறைந்த எரிபொருளில் விண்கலத்தை அங்கே அனுப்ப முடியும். 2003 ஆகஸ்டில் செவ்வாய் ஆப்போசிஷனுக்கு வந்தது. அதற்கு முந்தைய மாதம் நாசா ஒரு ஊர்தியை ஏவியது. 2004 ஜனவரியில் தரையிறங்கிய அது, 90 செவ்வாய் நாட்களுக்குத் திட்டமிடப்பட்டு, 2018 ஜூன் வரை செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது. அதன் பெயர் ஆப்பர்ச்சூனிட்டி.